தோட்டங்காவலும் துப்பாக்கிச் சட்டமும்

பொங்கலூர்ப் பகுதியில் நம்மவர் ஊர்நத்தத்தில் நெருங்கிக் குடியிராமல், தத்தம் தோட்டத்துச் சாளைகளிலே தனித்து வாழ்தல் பண்டுதொட்ட வழக்கம் என்பது அன்பர் யாவரும் அறிந்ததே. பிள்ளைகள் பனியன் தொழிலை நாடித் திருப்பூருக்குப் போய்விட, சாளையில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரே. 2024 நவம்பரில் பல்லடத்தையடுத்த சேமலைக்கவுண்டன்பாளையத்துத் தோட்டவீட்டில் தாய், தந்தை, மகன் ஆகிய மூவரும், 2025-ல் சிவகிரியையடுத்த தோட்டமொன்றில் முதிய தம்பதிகளும் கொலையுண்டனர். அதன்பின் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டுமென்ற பேச்சு நம்மிடையே வலுத்தது. அது குடியானவனுக்கு எளிதிற் கிட்டாத பொருளாயின வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்குநாடு கும்பினியார் வசமாயிற்று. 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு விடுத்த பிரகடனம் தென்பாளையத்தாரின் ஆயுதங்களைப் பறித்தது. 1805-ல் தீரன் சின்னமலை சங்ககிரியிலே தூக்கிலிடப்பட்டார். பின்னர், 1857 கலகத்தின் அச்சம் நீங்காத சர்க்கார், லிட்டன் பிரபு காலத்தில் 1878-ம் வருஷத்து 11-வது சட்டத்தை இயற்றிற்று. வெள்ளையருக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்சு. கொல்லையில் பன்றி ஓட்டும் குடியானவனும் இராஜத்துரோகியாகக் கூடுமென்ற சந்தேகமே இச்சட்டத்தின் கரு என்போம்.

இதனை எதிர்த்த குரல் சென்னையிலேயே எழுந்தது. 1887-ல் அங்குக் கூடிய காங்கிரஸ் மகாசபையில் விபின சந்திர பாலர் இச்சட்டத்தைக் கண்டித்துப் பேசினார். 1930-ல் காந்தியடிகள் இர்வின் பிரபுவின்முன் வைத்த 11 கோரிக்கைகளுள் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்சு அளித்தலும் ஒன்றாகும். அகிம்சையையே விரதமாகக் கொண்டவர் இதனைக் கேட்டார் என்பதை நம் இளைஞர்கள் கருதுவாராக! மறுவருஷம் கராச்சித் தீர்மானத்திலும், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருத்தல் குடிமகனின் உரிமையென எழுதப்பட்டது. ஆயின் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையை நினைவூட்டித் திருத்தம் கொணர்ந்தபோது, குற்றமே தொழிலாகக் கொண்டோர் கைக்கும் அது போய்விடுமென அம்பேத்கர் மறுத்துரைத்தார், திருத்தம் தோற்றது. அவர் கூற்று கனமுடையதே. நாமும் அதை மறுக்கவில்லை.

காவிரியின் தலைநாடாகிய குடகில் மட்டும் நிலைமை வேறு. 1861 முதற்கொண்டு குடகருக்கு லைசென்சு விலக்கு உண்டு. 2019-ல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. அந்நதிநீர் பாயும் கொங்கிலோ மனுவுடன் அலைச்சல். ஒரு குலத்துக்கு மட்டும் சலுகை கேட்பது நம் கருத்தன்று.

வியப்பு யாதெனில், 1962 முதல் அமலிலுள்ள 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் குடியானவனைக் கைவிடவில்லை. 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியைத் தற்காப்புக்கும், வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைப் பயிர்க்காவலுக்கும் கேட்கும் குடிமகனுக்குச் சட்டம் தடுக்கும் காரணம் இல்லையாயின் லைசென்சு அளித்தேயாக வேண்டுமென 13-வது பிரிவு கூறுகின்றது. போதிய சொத்தில்லை என்ற ஒன்றையே காட்டி மறுத்தலும் ஆகாது. சட்டம் திறந்த கதவைக் கச்சேரிகளின் தயக்கம் சாத்திவைக்கின்றது. அரிதிற் பெற்றவரும் தேர்தல்தோறும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்தபின் மீட்டுவர நடக்கின்றனர். அந்நாட்களில் திருடன் வாரான் போலும்!

பயிர்க்காவல் விஷயமோ இன்னும் சிக்கலானது. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டுப்பன்றியை நாமே சுடலாகாது, மயிலைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாமென 2025 ஜனவரியில் தமிழக அரசு உத்தரவிட்டது. ஆகவே, லைசென்சு பெற்ற துப்பாக்கியும் பன்றிக்கு முன் வெற்றுக்கோலே.

மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுதிவைத்தல் வேண்டும். பொதுநலனுக்கு ஊறென்று அவர் கருதினாலன்றி, கேட்பவருக்கு அதன் சுருக்கத்தைத் தருதலும் வேண்டும் என்பது 14-வது பிரிவு. 18-வது பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு. வாய்மொழியாகத் திருப்பியனுப்பப்பெற்ற நம் அன்பர்கள் எழுத்துமூலமான பதிலைக் கேட்டுப் பெற்று, அதன் நகலொன்றைச் சங்கத்துக்கும் அனுப்பிவைக்கக் கோருகின்றோம்.