பிரிட்ஜ் கேமரா வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு



"மச்சி, டிஎஸ்எல்ஆர் வாங்கக் காசில்லை. பெரிய ஜூம் வச்ச கேமரா ஒண்ணு செகண்ட் ஹேண்டில் வருது. வாங்கலாமா?" வகுப்பில் இரண்டு மூன்று பேர் இப்படிக் கேட்டுவிட்டார்கள். வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அது ஃபீஸ் கட்டியது போக மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். ஒரு தடவை தப்பான பொருளில் போய்விட்டால், மறுபடி சேர்க்க ஒரு வருஷமாவது ஆகும். அதனால்தான் இந்தப் பதிவு. நான் படிப்பது பி.காம். கேமராவை ஒரு சரக்காகத்தான் பார்க்கப் போகிறேன், கலைஞர்கள் மன்னிக்கவும் :-)

ஃபிலிம் காலத்துப் பாலம்

முதலில் பெயரைப் பார்ப்போம். ஒரு கரையில் எடுத்தவுடன் அமுக்கும் சின்ன காம்பாக்ட் கேமரா. மறு கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டும் எஸ்எல்ஆர். இரண்டுக்கும் நடுவே போட்ட பாலம்தான் பிரிட்ஜ் கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் ஜூம் பெரிது, பிடிப்பதற்கு வாகான உடம்பு, வசதிகளும் எஸ்எல்ஆருக்குக் கிட்டத்தட்ட வரும்.

இது டிஜிட்டல் காலத்தில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1988-லேயே ஜப்பானில் ரிக்கோ மிராய், சினான் ஜெனிசிஸ், ஒலிம்பஸ் ஏஇசட்-300 என்று வரிசையாக வந்துவிட்டன. 1990-ல் ஒலிம்பஸ் ஐஎஸ்-1000 வந்தது. 35 முதல் 135 மி.மீ. வரை ஜூம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் போட்டது அதே 35 மி.மீ. ஃபிலிம் ரோல்தான். அரை ஃப்ரேம் அளவில் படம் எடுத்த யாஷிகா சாமுராய் போன்ற சில மட்டும் விதிவிலக்கு. கல்யாண போட்டோகிராஃபர் தன் எஸ்எல்ஆரில் போடும் ரோலும் இதில் போடும் ரோலும் ஒன்று. படம் பதியும் பரப்பு இரண்டிலும் 36 x 24 மி.மீ. அதாவது பிரிட்ஜ் வாங்கியவர் விட்டுக்கொடுத்தது லென்ஸ் மாற்றும் வசதியை மட்டும்தான். படம் பதியும் இடத்தை யாரும் அவரிடமிருந்து குறைக்கவில்லை.

ஃபிலிம் போய் சென்சார் வந்தது

டிஜிட்டல் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. ஃபிலிமுக்குப் பதில் சென்சார். அது கேமராவுக்கு உள்ளேயே இருக்கிறது, நாம் மாற்ற முடியாது. அதன் அளவை முடிவு செய்வது கம்பெனி.

2000-ல் ஒலிம்பஸ் சி-2100 அல்ட்ரா ஜூம் வந்தது. 2 மெகாபிக்சல், 10 மடங்கு ஜூம், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி. 2002-ல் பானசோனிக் எஃப்இசட்1 வந்தது. அதே 2 மெகாபிக்சல்தான், ஆனால் 12 மடங்கு ஜூம். ஃபிலிம் கணக்கில் சொன்னால் 35 முதல் 420 மி.மீ. வரை. எஸ்எல்ஆரில் 400 மி.மீ. லென்ஸ் என்றால் கை நீளத்துக்கு ஒரு குழாய். இது உள்ளங்கையில் அடங்கியது. எப்படி?

மந்திரம் ஒன்றுமில்லை. அந்த லென்ஸின் உண்மையான குவிய தூரம் வெறும் 4.6 முதல் 55.2 மி.மீ. சென்சார் மிகச் சின்னது என்பதால், படத்தின் நடுவில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தது போல ஆகிறது. அதனால்தான் 55 மி.மீ. லென்ஸ் 420 மி.மீ. மாதிரி வேலை செய்கிறது. ஆக, சின்ன லென்ஸில் பெரிய ஜூமுக்கு நாம் கொடுத்த விலை சென்சாரின் பரப்பு. ஃபிலிமின் பரப்பு 864 சதுர மி.மீ. பிரிட்ஜ் கேமராக்களில் பின்னால் சாதாரணமாகிப்போன சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. முப்பதில் ஒரு பங்கு! பரப்பு குறைந்தால் பிடிக்கும் வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும்.

நடுவில் ஒரு நல்ல முயற்சி

எல்லாக் கம்பெனிகளும் இந்த வழியில் போகவில்லை. 2001-ல் மினோல்டா டிமாஜ் 7, 2003-ல் சோனி எஃப்828 ஆகியவை இதைவிடப் பெரிய சென்சாரோடு வந்தன. பரப்பு சுமார் 58 சதுர மி.மீ. ஜூம் 7 மடங்குதான், ஆனால் படம் நன்றாக இருந்தது. விலை ஆயிரம் டாலரும் அதற்கு மேலும்.

அந்த நேரம் பார்த்து, 2003 ஆகஸ்டில், கேனான் ஈஓஎஸ் 300டி வந்தது. லென்ஸ் இல்லாமல் 899 டாலர், சின்ன ஜூம் லென்ஸோடு 999 டாலர். சென்சார் பரப்பு சுமார் 340 சதுர மி.மீ. அதாவது அதே விலைக்கு ஆறு மடங்கு பரப்பு. கேனான் கணக்கு புத்திசாலித்தனமானது. உடம்பை மலிவாகக் கொடுத்துவிட்டால், பின்னால் லென்ஸ் விற்றே சம்பாதிக்கலாம். பிரிட்ஜ் கேமரா விற்பவருக்கு அந்த இரண்டாவது வருமானம் கிடையாது.

2005-ல் சோனி ஆர்1 என்ற கேமராவில் டிஎஸ்எல்ஆர் அளவு சென்சாரையே பிரிட்ஜுக்குள் வைத்துப் பார்த்தார்கள். சுமார் ஆயிரம் டாலர், 24 முதல் 120 மி.மீ. லென்ஸ். அருமையான கேமரா, ஆனால் அதே அளவு சென்சாரோடு அதற்கு வாரிசு வரவில்லை. 2006-ல் கோனிகா மினோல்டா கேமரா தொழிலையே விட்டு விலகியது. தரமான, விலை கூடிய பிரிட்ஜ் கேமரா இப்படித்தான் கொஞ்ச காலம் காணாமல் போனது. மிஞ்சியது மலிவான, சின்ன சென்சார் வகை.

அட்டைப் பெட்டியின் மேல் நடந்த சண்டை

அதற்குப் பிறகு போட்டி எதில்? பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்கக்கூடிய எண்ணில். நிக்கானை மட்டும் பாருங்கள்: 2009-ல் 24 மடங்கு ஜூம், 2012-ல் 42, 2015-ல் பி900-ல் 83, 2018-ல் பி1000-ல் 125. சென்சார் பரப்போ கிட்டத்தட்ட அதே 28 சதுர மி.மீ. பி1000-ஐ முழு ஜூமுக்குக் கொண்டுபோனால் அப்பர்ச்சர் எஃப் 8 ஆகிவிடுகிறது. நிலாவை எடுக்க அற்புதம். சாயங்கால நேரத்துப் பறவைக்குக் கஷ்டம்.

சென்சார் அளவையும் பெட்டியில் போடலாமே என்பீர்கள். போடுவார்கள், யாருக்கும் புரியாதபடி! "1/2.3 இஞ்ச்" என்பது சென்சாரின் நீளமோ அகலமோ மூலைவிட்டமோ அல்ல. பழைய டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த வழக்கம். அதனால்தான் "1 இஞ்ச்" சென்சாரின் மூலைவிட்டம் 25 மி.மீ. இல்லை, சுமார் 16 மி.மீ.தான். வாங்குபவனுக்குத் தெரியாதது விற்பவனுக்குத் தெரிந்திருந்தால் சந்தை என்ன ஆகும் என்று 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்களை வைத்து எழுதினார். புதுக் கேமரா பெட்டிக்கும் அது பொருந்தும்.

ஆனாலும் சில கம்பெனிகள் திரும்பி நடந்தன. பானசோனிக் 2010-ல் எஃப்இசட்100-ல் 14 மெகாபிக்சல் கொடுத்தது, 2011-ல் எஃப்இசட்150-ல் 12-ஆகக் குறைத்தது. 2012-ல் எஃப்இசட்200-ல் ஜூம் எண்ணை ஏற்றாமல் 24 மடங்கிலேயே நிறுத்தி, 600 மி.மீ. வரை எஃப் 2.8 அப்பர்ச்சரைக் கொடுத்தது. முழு ஜூமில் எஃப் 5.9 ஆகிவிடும் லென்ஸோடு ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கும் மேல் வெளிச்சம். 2013-ல் சோனி ஆர்எக்ஸ்10, 2014-ல் பானசோனிக் எஃப்இசட்1000 இரண்டும் "1 இஞ்ச்" சென்சாரோடு வந்தன. பரப்பு 116 சதுர மி.மீ., நான்கு மடங்கு. முதலாவது 1299 டாலர், இரண்டாவது 899 டாலர்.

அதற்குள் மொபைல் வந்து சந்தையையே சாப்பிட்டுவிட்டது. 2010-ல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்களை அனுப்பிய ஜப்பானியத் தொழில், 2023-ல் அனுப்பியது 80 லட்சத்துக்கும் குறைவு. அதனால்தான் நம் பட்ஜெட்டில் தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் பழைய மாடல்கள்.

சரி, என்ன வாங்கலாம்?

மேலே சொன்ன கதையிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த ஜூமைக் கொடுக்க எதை விட்டுக்கொடுத்தார்கள்?

பகல் வெளிச்சத்தில் பறவை, கிரிக்கெட் மேட்ச், கோபுரத்துச் சிற்பம் என்றால் நல்ல நிலையில் உள்ள எஃப்இசட்200 போன்ற ஒன்று போதும். மேடை நிகழ்ச்சியும் சேர்த்து எடுக்க வேண்டுமா, இன்னும் கொஞ்சம் சேர்த்து "1 இஞ்ச்" சென்சாருக்குப் போங்கள். மண்டபத்தில் ராத்திரி விசேஷம் எடுத்து நாலு காசு பார்க்கும் எண்ணம் இருந்தால் சின்ன சென்சார் பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். அதே பணத்துக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் தேடுங்கள். 300டி 2003-ல் சொன்ன கணக்கு செகண்ட் ஹேண்டிலும் செல்லும்.

பார்க்க வேண்டியவை: முழு ஜூமில் அப்பர்ச்சர் எவ்வளவு, ரா ஃபைல் உண்டா, லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறதா, ஜூம் தடங்காமல் நீள்கிறதா. எஸ்எல்ஆரில் லென்ஸ் கெட்டால் வேறு லென்ஸ் மாட்டலாம். இதில் லென்ஸ் கெட்டால் ரிப்பேர் செலவே கேமரா விலைக்கு வந்துவிடும். கடைக்காரரிடம் ஒரு மெமரி கார்டைக் கொண்டுபோய், ஜன்னல் ஓரத்தில் ஒன்று, கடையின் இருட்டு மூலையில் ஒன்று என்று படம் எடுத்து வாருங்கள். வீட்டில் கம்ப்யூட்டரில் முழு அளவில் பாருங்கள். பெட்டியில் அச்சடிக்காதது எல்லாம் அந்த இருட்டு மூலைப் படத்தில் தெரிந்துவிடும்.