பெயர் எழுதப்படாத நெசவாளர்கள்

குற்றாலத்துச் சாரல் நமக்கு மகிழ்ச்சி. நம் பாட்டனார்களுக்கோ அது கவலை. தூறல் விழுந்தால் தெருவில் பாவு விரிக்க முடியாது. கடையநல்லூரிலும் தென்காசியிலும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தறியே சோறு போட்டது. ஆண்கள் குழித்தறியில் அமர்ந்து நாடா ஓட்டினர். பெண்கள் தார் சுற்றினர்.

பண்டைய கிரேக்க வீடுகளில் தறி செங்குத்தாக நின்றது. தொங்கும் பாவு நூல்களின் நுனியில் களிமண் குண்டுகளைக் கட்டி இறுக்கி, பெண்கள் நின்றவாறே நெய்தனர். ரோமிலும் கம்பளி நூற்பது குடும்பப் பெண்ணின் சிறப்பாகப் போற்றப்பட்டது. ஆட்டு உரோமமும் ஆளி நாருமே அவர்கள் பெரிதும் பயன்படுத்திய நூல்கள். பருத்தி அயல்நாட்டுப் பொருள். இந்தியாவின் மரங்களில் கம்பளி காய்க்கிறது, அது ஆட்டு உரோமத்தினும் அழகியது என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் வியந்தார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து பருவக்காற்றின் துணையோடு மரக்கலங்கள் இங்கு வந்தன. அக்காலத்துக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளுஸ், ‘அர்கரு’ என்னும் ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் சோழர்களின் உறையூரே என்பர் ஆய்வாளர். செங்கடற்கரையின் பெரெனிகே துறைமுக அகழாய்வில் இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறது, அங்கிருந்து வரும் சரக்குகளோ இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கின்றன என்று ரோமானிய அறிஞர் பிளினி குறைப்பட்டார்.

துறைமுகத்தின் பெயர் எஞ்சியது. துணியின் பெயரும் எஞ்சியது. நெய்தவர் ஒருவரின் பெயர்கூட அந்நூலில் இல்லை.

நம் ஊர்களிலும் அதுவே நேர்ந்துகொண்டிருக்கிறது. தறியை விட்டு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பின்னர் வளைகுடாவுக்கும் சென்றோம். தறிக்குழிகள் மூடப்பட்டன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லவும் நம்மில் சிலர் கூசினோம். தன் கை உழைப்பால் உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும், தாவூத் நபி (அலை) அவ்வாறே உண்டார்கள் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, இதில் கூச என்ன இருக்கிறது?

பாவு, ஊடை, தார் என்னும் சொற்களை அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, நெய்த கைகளின் பெயர்களை எழுதி வைப்போம்.