ஒரே பெயரில் இரண்டு ஆங்குலர்

‘ஆங்குலர் தெரிந்தவர் தேவை’ என்கிற வேலை விளம்பரத்தைப் பார்த்தால் ‘எந்த ஆங்குலர்?’ என்று கேட்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெயரில் இருப்பவை இரண்டு வேறு பிரேம்வேர்க்குகள். ஒன்றைக் கரைத்துக் குடித்தவர்கூட மற்றதை முதலில இருந்து படிக்கத்தான் வேணும். இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

2009இல் மிஷ்கோ ஹெவரி, அடம் அப்ரன்ஸ் என்ற இருவர் ஓய்வு நேர வேலையாகத் தொடங்கியதுதான் ஆங்குலர்ஜேஎஸ். எச்ரிஎம்எல் மட்டும் தெரிந்த ஒருவரும் இணையச் செயலி செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். பிறகு ஹெவரி கூகிளில் ‘கூகிள் ஃபீட்பாக்’ என்ற செயலியில் வேலை செய்தார். ஆறு மாதமாக எழுதி 17,000 வரிகள் சேர்ந்துவிட்டன. இதை என்ர பிரேம்வேர்க்கில் இரண்டு கிழமையில் திருப்பி எழுதுவன் என்று தன் மேலாளர் பிராட் கிரீனிடம் பந்தயம் கட்டினார். மூன்று கிழமை எடுத்தது. பந்தயம் தோல்விதான், ஆனால் கோட் 1,500 வரியாகச் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கூகிள் இதைக் கையில் எடுத்தது. 2012 யூனில் 1.0 வெளிவந்தது. ஆக, இந்தக் கதை தொடங்கியதே ஒரு பிரேம்வேர்க் மாற்றத்தில்தான்.

பெரிய நிறுவனங்கள் முதல் தனி ஆட்கள் வரை கனபேர் அதில் கட்டினார்கள். குறையும் மெல்ல மெல்லத் தெரியவந்தது. திரையில் ஏதாவது மாறினால், கண்காணிப்பில் இருக்கிற எல்லா மதிப்புகளையும் அது திரும்பத் திரும்பச் சரிபார்க்கும். ஒன்று மாறி அதனால் இன்னொன்று மாறினால் மறுபடியும் முதலில இருந்து. சின்னப் பக்கத்துக்கு இது பெரிய விஷயமில்லை. ஆயிரக்கணக்கான மதிப்புகள் இருக்கிற பக்கம் இழுபடத் தொடங்கிவிடும். 2013இல் பேஸ்புக் ரியாக்ட்டை வெளியிட்டபோது வேறு வழியும் இருக்கு எண்டு எல்லாருக்கும் விளங்கியது.

2014 ஒக்ரோபரில் பரிஸில் நடந்த ஆங்குலர் மாநாட்டில் இரண்டாம் பதிப்பைப் பற்றி அறிவித்தார்கள். கன்ட்ரோலர், ஸ்கோப், மொடியூல் என்று பயனர்கள் இரவு பகலாகப் படித்த சொற்கள் ஒவ்வொன்றையும் கல்லறைக் கல்லில் எழுதித் திரையில் காட்டினார்கள். பகிடியாகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொற்களை வைத்துச் சோறு தின்கிற ஆட்களுக்கு அது பகிடியாகத் தெரியேல்லை. பழைய கோட்டைப் புதியதுக்குக் கொண்டுபோக வழி என்ன என்பதற்கு அன்றைக்குத் தெளிவான பதில் இருக்கவில்லை.

தொழில்நுட்பக் காரணங்கள் நியாயமானவை என்பதே எங்கள் எண்ணம். பழைய அத்திவாரத்தின் மேல் அந்த வேகத்தைக் கொண்டுவருவது கஷ்டம். ஆனால் வேறொன்றைச் செய்துவிட்டு அதற்குப் பழைய பெயரையே வைத்ததுதான் பிழை. புதுப்பெயர் வைத்திருந்தால் பழையது பழையதாகவே மரியாதையோடு இருந்திருக்கும்.

வழி பிறகுதான் வந்தது. 2015இல், இரண்டு ஆங்குலரையும் ஒரே செயலிக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடும் ‘என்ஜி-அப்கிரேட்’ முறையை அறிவித்தார்கள். இன்றைக்கு ஒரு பொத்தான், நாளைக்கு ஒரு படிவம் என்று துண்டு துண்டாக மாற்றலாம். வீட்டில் குடியிருந்துகொண்டே ஒவ்வொரு அறையாக இடித்துக் கட்டுற மாதிரி. அதுவரைக்கும் பயனரின் உலாவி இரண்டு பிரேம்வேர்க்கையும் சுமக்க வேண்டும்.

முந்திக்கொண்டு மாறினவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. முழு வெளியீட்டுக்கு முன்பே ரவுட்டரைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார்கள். 2016 ஓகஸ்ட்டில், கல்லறைக்குப் போன மொடியூல் வேறு உருவத்தில் எழும்பி வந்தது. (பிறகு 2022இல் அது இல்லாமலும் எழுதலாம் என்றார்கள். பாவம் மொடியூல்.) 2016 செப்ரெம்பர் 14இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அடுத்தது மூன்று இல்லை, நான்கு! ரவுட்டர் மட்டும் ஏற்கெனவே மூன்றில் நின்றதால், எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர அப்படிப் பாய்ந்தார்கள்.

எப்படியும் திருப்பி எழுதத்தான் வேண்டும் என்றால் ஏன் ஆங்குலரிலேயே எழுத வேண்டும்? கனபேர் இப்படி யோசித்து ரியாக்ட் பக்கம் போய்விட்டார்கள். வேறு சிலர் வியூ பக்கம் போனார்கள். வியூவைச் செய்த எவன் யூவும் கூகிளில் ஆங்குலர்ஜேஎஸ்ஸோடு வேலை செய்தவர்தான். அதில் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துச் சின்னதாக ஒன்று செய்து 2014இல் வெளியிட்டார்.

போகாமல் நின்றவர்களுக்காக ஆங்குலர்ஜேஎஸ்ஸின் பராமரிப்பு 2021 யூன் வரை நீடித்தது. கொரோனாவால் மாற்றும் வேலைகள் பிந்தியதால் இன்னும் ஆறு மாதம் கொடுத்தார்கள். அந்த டிசம்பர் 31உடன் பராமரிப்பு முடிந்தது. 2022 ஏப்ரலில் 1.8.3 என்று ஒரு கடைசி வெளியீடு மட்டும் வந்தது. அதில் புதிய வசதி ஒன்றுமில்லை. பொதியோடு வரும் அறிமுகக் குறிப்பை மாற்றுவதற்காகத்தான் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் விளையாட்டாக ஒரு பெயர் வைப்பது அவர்களின் வழக்கம். இதற்கு வைத்த பெயர் ‘இறுதிப் பிரியாவிடை’.