பாலாற்று வெளியில் இறையன்பு: வேலூர்க் கிறித்தவப் பணியின் நோக்கம் பற்றிய ஓர் ஆய்வு

'இறையன்பு' என்பது தொகைச்சொல். அதனை 'இறைவனது அன்பு' என ஆறாம் வேற்றுமைப் பொருள்பட விரிப்பின், இறைவன் உயிர்கள்மாட்டு வைத்த அன்பைக் குறிக்கும். 'இறைவன்கண் அன்பு' என ஏழாம் வேற்றுமைப் பொருள்பட விரிப்பின், உயிர்கள் இறைவன்மாட்டு வைக்கும் அன்பைக் குறிக்கும். பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் 'கிறித்துவின் அன்பு' என்னும் கிரேக்கத் தொடரும் இவ்வாறே இருபொருட்கு இடந்தருவது என்பர் விவிலிய உரையாளர். கிறித்தவர் கொள்கைப்படி முன்னையது காரணம், பின்னையது காரியம். அக்காரியமாகிய அன்பே கட்டளைகளுள் முதலாவது என்பது மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தால் பெறப்படும். இக்கொள்கை ஏட்டளவில் நின்றதோ, வாழ்க்கையை இயக்கிற்றோ என்பதை வேலூர், ஆம்பூர்ப் பகுதியின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நோக்கம் என்பது உள்ளத்துள் நிகழ்வது. வரலாற்றாசிரியன் காண்பது செயலையே. ஒரே செயல் பல நோக்கங்களிலிருந்தும் பிறத்தல் கூடும். டச்சு அறிஞர் வான் டென் பெர்க் என்பார் 1698 முதல் 1815 வரை பிரிட்டனில் எழுந்த சமயத்தொண்டு எழுச்சியின் நோக்கங்களை ஆராய்ந்து 1956இல் ஒரு நூல் வெளியிட்டார். கடமையுணர்வு, இரக்கம், நாகரிகப் பெருமிதம், அன்பு எனப் பலவும் அதன்கண் விரவிக் கிடந்தமையை அந்நூல் காட்டுகின்றது. எனவே, அன்பு ஒன்றே எங்கும் இயக்கிற்று எனக் கூறல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. ஏனை நோக்கங்கள் வேறு வழியில் ஈர்த்தபோதும் எவ்வழி மேற்கொள்ளப்பட்டது என நோக்குதலே தக்க முறையாகும்.

பழைய வட ஆர்க்காட்டின் பாலாற்றுப் பகுதி இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுள் அடங்குவது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் தோலை ஊறவைத்துப் பதப்படுத்தும் இத்தொழிலால் நாட்டிற்குச் செல்வம் சேர்ந்தது. தோலைக் கையாண்ட தொழிலாளர்க்கோ சாதி வழக்கால் தீட்டு என்னும் பழி சேர்ந்தது. இந்நிலத்தில்தான் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையினர் 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர்.

அதனை நிறுவியோர் ஜான் ஸ்கட்டர் என்னும் மருத்துவரின் மைந்தர். நியூயார்க்கில் மருத்துவம் செய்துவந்த அவர், நோயாளி ஒருவர் இல்லத்தில் ஒரு சிறு நூலைக் கண்டு படித்து, 1819இல் இலங்கைக்குப் புறப்பட்டார். உலகின் அறுபது கோடி மக்களுக்கு நற்செய்தியை அறிவித்தல் திருச்சபைகளின் கடமை என்பதே அந்நூலின் வாதம். ஆகவே இக்குடும்பத்தின் தொடக்க நோக்கத்தில் கடமையுணர்வு மேலோங்கி நின்றது எனல் பொருந்தும்.

அவர்தம் பெயர்த்தி ஐடா ஸ்கட்டர் 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். அவரோ அக்கடமையை ஏற்க மறுத்தார். பஞ்சமும் நோயும் கண்ட இந்நாட்டில் வாழ விரும்பாது அமெரிக்காவிலேயே தங்க எண்ணினார். 1890களில் தம் பெற்றோரைக் காணத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவில் அந்தணர் ஒருவரும், இசுலாமியர் ஒருவரும், பிறிதொரு சாதி இந்து ஒருவரும் அடுத்தடுத்து வந்து, மகப்பேற்றுத் துன்பத்திற் கிடந்த தத்தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். ஆண் மருத்துவராகிய தந்தையை அனுப்ப அவர் முன்வந்தும், வந்தோர் இசைந்திலர். அம்மூன்று பெண்டிரும் இறந்தனர். அவ்விரவை இறைவன் தம்மை அழைத்த அழைப்பாகவே ஐடா பிற்காலத்துக் கூறிவந்தார். இரக்கம் மட்டுமே அவரை இயக்கியிருப்பின் 'உதவி' என்ற சொல்லே போதியதாகும். 'அழைப்பு' என்னுஞ் சொல்லோ அழைப்பவன் ஒருவனை உட்கொண்டது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டில் வேலூருக்கு வந்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. அதன் முதல் அணியினர் 14 பேர் 1922இல் தேறினர். பணிவிடை பெறுதலினும் பணிவிடை செய்தலே சிறந்தது என்னும் கருத்தை மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தினின்றும் எடுத்து அந்நிறுவனம் தன் குறிக்கோளாகக் கொண்டது.

நோக்கம் உரைத்துப் பார்க்கப்பட்டது 1940களில் ஆகும். மருத்துவப் பள்ளிகள் பட்டப்படிப்புக் கல்லூரிகளாக உயரவேண்டும் என அரசு விதித்தமையால், வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை எய்தியது. பல திருச்சபைகள் ஒன்றுகூடி நடத்தினாலன்றி அச்செலவைத் தாங்கல் இயலாது. அவ்வாறு கூடின் ஆடவரையும் சேர்த்தல் வேண்டும். பெண்களுக்கென்றே நிதி திரட்டித் தந்த அமெரிக்கப் பெருமாட்டியார் சிலர் இதனை வன்மையாக எதிர்த்தனர். ஐடாவிற்கும் இது தம் வாழ்நாள் நோக்கத்தையே மாற்றுவதாகத் தோன்றிற்று. எனினும் இறுதியில் அவர் இசைந்தார். 1942இல் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1947இல் ஆடவர் சேர்க்கப்பட்டனர். தம் படைப்பின்மீது கொண்ட பற்றே தலையாயதாக இருந்திருப்பின் இவ்விசைவு எளிதிற் பிறந்திராது. பணியின் வடிவினும் பணிக்கு உரியவனையே அவர் பெரிதாகக் கொண்டார் எனக் கொள்ளுதல் இந்நிகழ்ச்சிக்கு இயைபுடைய விளக்கமாகும்.

இனித் தொழுநோயர் பணியைக் காண்போம். தோலைத் தொட்டவரைத் தீண்டத்தகாதவர் எனக் கொண்ட அதே நிலத்தில், தொழுநோயர் தம் குடும்பத்தாராலும் ஒதுக்கப்பட்டனர். 1946இல் வேலூர் வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், அந்நோயரின் கைகால்கள் சிதைவதற்கு உணர்விழப்பால் அறியாது நேரும் காயங்களே பெருங்காரணம் எனக் கண்டறிந்தார். தசைநாண்களை இடம்மாற்றி மடங்கிய விரல்களை நிமிர்த்தார். 1955இல் காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் மருத்துவர் 1954இல் விபத்துக்குள்ளாகி இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயர் கைகளுக்கு அறுவை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. கடமை என்பார் ஓய்வு கொள்ளுதற்கு இதனினும் தக்க காரணம் வேண்டார். அவரோ ஓய்வு கொண்டிலர்.

ஆம்பூரில் மிசௌரி லூத்தரன் மிஷன் 1921இல் தொடங்கிய பெதஸ்தா மருத்துவமனை இக்கருத்தின் வேறொரு பக்கத்தைக் காட்டும். நற்செயலால் மீட்பை ஈட்டுதல் இயலாது என்பது லூத்தரின் கொள்கை. அங்ஙனமாயின் நற்செயல் எற்றுக்கு எனின், பெற்ற அருளுக்கு நன்றியாய் அன்பினின்றும் அது தானே சுரப்பது என்பர் அச்சபையார். ஈட்டம் கருதாத செயலே அன்பின் செயல் என்பது இதனாற் போதரும்.

இவ்விடத்து ஒரு தடை எழும். மருத்துவமும் கல்வியும் மதமாற்றத்திற்கு இட்ட தூண்டில்களே என்பர் ஒருசாரார். மிஷன்கள் நற்செய்தி பரப்புதலைத் தம் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே கொண்டிருந்தன. அதனை மறைத்தல் வரலாறாகாது. ஆயின் மருத்துவமனையின் வாயில் சமய வேறுபாடின்றி எல்லார்க்கும் திறந்திருந்தது. நலம்பெற்றுச் சென்றோருட் பெரும்பாலோர் தத்தம் சமயத்திலேயே நின்றனர். அவ்வாறிருந்தும் பணி குறைந்திலது. பயன் கிட்டாவிடினும் தொடரும் செயலுக்குப் பயனையே நோக்கமாகக் கூறுதல் பொருந்தாது.

திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மாட்டுத் தோன்றும் அன்பு முதிர்ந்து, தொடர்பிலார்மாட்டும் செல்லும் அருளாகும் என்பது உரையாசிரியர் காட்டும் நெறி. வேலூர் வரலாற்றிலும் இம்முறையே காண்கின்றோம். இறைவனோடு கொண்ட தொடர்பாற் பிறந்த அன்பு, யாதொரு தொடர்புமில்லாத தொழுநோயன் கையைப் பற்றும் அருளாயிற்று. ஆதலின் 'இறைவன்கண் அன்பு' என்னும் விரிவை வழிபாட்டளவில் நிறுத்தாது, அது அருளாய்ச் சென்ற இடங்களையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். ஐடா ஸ்கட்டர் 1960இல் கொடைக்கானலில் மறைந்தார். பாலாற்று ஊர்களின் சபைப் பதிவேடுகளும் மருத்துவமனை ஆண்டறிக்கைகளும் இந்நோக்கிற் பயிலப்படின், தமிழகச் சமய வரலாற்றிற்குப் பெரும்பயன் விளையும்.