பழைய ஆட்களை அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடுமா? – 1999 சொல்லும் பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன சுற்றுப்போட்டியில் நம் ஊர்க் கழகம் முதல் சுற்றிலேயே வெளியேறியதிலிருந்து தேநீர்க் கடையிலும் வட்ஸ்அப் குழுமத்திலும் ஒரே கதைதான். "முப்பது தாண்டிய எல்லாரும் ஒதுங்குங்கள், பொடியன்களை வைத்துப் புதிதாகத் தொடங்குவோம்" என்று ஒரு பக்கம். "இந்தக் கழகத்தை உருவாக்கியதே நாங்கள், ஒரு தோல்வியோடு வெளியே போ என்பதா?" என்று மறுபக்கம். சின்ன வயதிலிருந்து ஒன்றாக விளையாடிய இரண்டு பேர் பள்ளி வாசலில் ஸலாம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைக் கண்டேன். அதைப் பார்த்த பிறகுதான் எழுதத் தோன்றியது.

நான் பயிற்றுவிப்பாளர் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவன். இதே கேள்வி நம் நாட்டு அணிக்கு முன்னால் 1999 இல் வந்தது. அப்போது என்ன செய்தார்கள், அதில் எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று பார்ப்போம்.

முதலில் 1996. மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூர். எனக்கு ஏழு வயது. அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள். நாம் மூன்று விக்கெட்டுகளை மட்டும் இழந்து அதைத் தாண்டினோம். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107, அதோடு 3 விக்கெட்டுகள். அன்று ஆடிய பதினொரு பேர்: சனத் ஜயசூரிய, களுவிதாரண, குருசிங்க, அரவிந்த, ரணதுங்க, திலகரத்ன, மஹாநாம, தர்மசேன, வாஸ், பிரமோத்ய விக்ரமசிங்க, முரளிதரன். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்த இரண்டு வருடமும் அந்த அணியைப் பிடிக்க ஆள் இல்லாத மாதிரித்தான் இருந்தது. 1997 ஓகஸ்டில் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள். சனத் 340, மஹாநாம 225. 1998 இல் லண்டன் ஓவல் மைதானத்தில் முரளி 16 விக்கெட்டுகள் எடுத்து இங்கிலாந்தைச் சாய்த்தார். இப்படி வெற்றி வந்துகொண்டிருக்கும்போது யாரும் வயதைக் கணக்குப் பார்ப்பதில்லை. அங்கேதான் பிழை தொடங்குகிறது.

1999 மே மாதம் இங்கிலாந்தில் உலகக் கிண்ணம். நடப்புச் சம்பியன்கள் நாங்கள். ஆரம்பப் போட்டியிலேயே லோர்ட்ஸில் இங்கிலாந்திடம் தோல்வி, அடுத்து தென்னாபிரிக்காவிடம் தோல்வி. மே 26 டோன்டன் நகரில் கங்குலி 183, திராவிட் 145, இருவரின் இணைப்பாட்டம் மட்டும் 318. இந்தியா 373. நாங்கள் 216. சிம்பாப்வேயையும் கென்யாவையும் மட்டும் வென்று முதல் சுற்றோடு வீடு திரும்பினோம். பத்து வயதில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்தது. "கிழவன்களை எல்லாம் அனுப்ப வேண்டும்" என்று வாப்பாவின் கூட்டாளி ஒருவர் கத்தினார். இப்போது நம் குழுமத்தில் வருகிற அதே வார்த்தை.

அப்போது ரணதுங்கவுக்கு 35 வயது, அரவிந்தவுக்கு 33. தலைமை ரணதுங்கவிடமிருந்து எடுக்கப்பட்டு, முப்பதை எட்டிக்கொண்டிருந்த சனத்திடம் கொடுக்கப்பட்டது. ரணதுங்கவும் மஹாநாமவும் அதற்குப் பிறகு ஒருநாள் போட்டி ஆடவேயில்லை. 1996 இல் பயிற்றுவிப்பாளராக இருந்த டேவ் வட்மோர் திரும்பவும் வந்தார். அதே வருடம் ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் வந்த முக்கோணத் தொடரை இலங்கை வென்றது. செப்டெம்பரில் கண்டி அஸ்கிரியவில் அவுஸ்திரேலியாவை முதன்முறையாக ஒரு டெஸ்ட் போட்டியில் தோற்கடித்தது. அந்தத் தொடரையும் 1–0 என்று கைப்பற்றியது.

"பார்த்தீர்களா சேர், பழைய ஆட்களை அனுப்பினதும் வெற்றி வந்துவிட்டது" என்று நீங்கள் சொல்வீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கண்டியில் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டங்கள் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தியவர் அதே அரவிந்த. ரணதுங்கவும் டெஸ்ட் அணியில் இன்னும் ஒரு வருடம் இருந்தார். 1982 இல் இலங்கையின் முதலாவது டெஸ்டில் பதினெட்டு வயதுப் பையனாக ஆடியவர், 2000 இல் நூறாவது டெஸ்டிலும் ஆடிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். ஆக, 1999 இல் எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பவில்லை. தலைமையை மாற்றினார்கள், சிலரை விட்டார்கள், சிலரை வைத்துக்கொண்டார்கள்.

வைத்துக்கொண்டவர்களின் பக்கத்தில்தான் புதியவர்கள் வளர்ந்தார்கள். மஹேலவுக்கு அப்போது வயது 22. டில்ஷான் 1999 நவம்பரில் வந்தார், சங்கக்கார 2000 ஜூலையில். இவர்கள் கற்றுக்கொண்டது சனத், அரவிந்த, முரளி, வாஸ் ஆகியோருடன் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்து. ஒரு விசயத்தை மறக்கக்கூடாது. 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் முரளியின் பந்தை முறையற்றது என்று அறிவித்தபோது, முழு அணியையும் எல்லைக்கோடு வரை அழைத்துப் போய் நின்றவர் ரணதுங்க. பின்னால் அந்த முரளி 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். பெரியவர் ஒருவர் அணிக்குத் தருவது அவர் அடிக்கும் ஓட்டம் மட்டுமல்ல.

பாதையும் நேராக இருக்கவில்லை. 2000 ஒக்டோபரில் சார்ஜாவில் சனத் 189 அடித்து, இந்தியாவை 54 ஓட்டங்களுக்குச் சுருட்டினோம். டோன்டனுக்குப் பதில் கொடுத்தாயிற்று என்று பட்டாசு கொளுத்தினோம். மூன்று மாதம் போகவில்லை, கேப் டவுனில் நாங்களே 95 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். அன்று மறுபடி எல்லாரையும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாற்றவில்லை. 2001–2002 இல் தொடர்ச்சியாக ஒன்பது டெஸ்ட் வெற்றிகள். 2003 உலகக் கிண்ணத்தில் அரையிறுதி. 37 வயது அரவிந்த அந்தத் தொடரில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 92 ஓட்டங்கள் எடுத்தார்.

இப்போது அந்தப் பதினொரு பெயர்களுக்கு வாருங்கள். 2007 ஏப்ரல் 28, பார்படோஸ், உலகக் கிண்ண இறுதிப் போட்டி. லாகூரில் ஆடியவர்களில் அன்றும் ஆடியவர்கள் மூன்றே மூன்று பேர்: சனத், வாஸ், முரளி. பதினொரு வருடத்தில் எட்டுப் பேர் போய்விட்டார்கள். ஆனால் ஒரே நாளில் போகவில்லை, ஒவ்வொருவராகப் போனார்கள். அதனால் அணி நிற்கவில்லை.

இனி மறுபக்கம். 2014 ஏப்ரலில் டாக்காவில் இந்தியாவை வென்று டி20 உலகக் கிண்ணம் எடுத்தோம். சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52. அதே வருடம் ஓகஸ்டில் மஹேல டெஸ்டிலிருந்து போனார். 2015 மார்ச்சில் சிட்னியில் காலிறுதியில் தோற்றதோடு இருவரும் ஒருநாள் போட்டியிலிருந்து போனார்கள். ஓகஸ்டில் சங்கக்கார டெஸ்டிலிருந்தும் போனார். அடுத்த வருடம் டில்ஷான். மஹேல 11,814, சங்கக்கார 12,400. ஏறக்குறைய ஒரு வருடத்தில் 24,000 டெஸ்ட் ஓட்டங்களின் அனுபவம் வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் மேல் குற்றமில்லை, கடைசி வரை நன்றாகத்தான் ஆடினார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்களை ஆறுதலாகத் தயார் செய்யாததுதான் பிழை.

2016 இல் சொந்த மண்ணில் அவுஸ்திரேலியாவை 3–0 என வென்றதால் பிழை மறைந்திருந்தது. 2017 இல் வெளியே தெரிந்தது. சிம்பாப்வேயிடம் சொந்த மண்ணில் ஒருநாள் தொடரை இழந்தோம். பிறகு இந்தியா வந்து மூன்று டெஸ்ட், ஐந்து ஒருநாள், ஒரு டி20 என்று ஒன்பதையும் வென்று போனது. அந்த ஒரே வருடத்தில் ஒருநாள் அணியை வழிநடத்தியவர்கள் ஐந்து பேர்: தரங்க, மெத்திவ்ஸ், கபுகெதர, மாலிங்க, திசர பெரேரா. சில மாற்றங்கள் காயத்தாலும் தடையாலும் வந்தவை. இருந்தாலும் ஒரு பொடியன் அணிக்குள் வந்தால், அடுத்த மாதம் தன் தலைவர் யார் என்றே அவனுக்குத் தெரியாது.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 1984 ஜனவரியில் சிட்னியில் கிரெக் சப்பல், லில்லி, ரொட் மார்ஷ் மூவரும் ஒரே டெஸ்டோடு ஓய்வு பெற்றார்கள். அடுத்த மூன்று வருடம் அவுஸ்திரேலியா தோற்றது. நியூசிலாந்திடம்கூட சொந்த மண்ணில் தொடரை இழந்தது. ஆனால் அலன் போர்டரைத் தலைவராக வைத்து, சில பொடியன்களைத் தேர்ந்தெடுத்து, விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோ முதல் டெஸ்ட் சதம் அடித்தது தன்னுடைய 27 ஆவது டெஸ்டில். இருபத்தாறு டெஸ்ட்வரை சதமில்லாத ஒருவரை நாம் வைத்திருப்போமா?

நம் மார்வன் அத்தபத்துவையும் பாருங்கள். அவருடைய முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ்: 0, 0, 0, 1, 0, 0. மூன்று டெஸ்ட் விளையாட மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் 5,502 ஓட்டங்களும் ஆறு இரட்டைச் சதங்களும் அவர் பெயரில் இருக்கின்றன.

கிட்டிய காலத்துக்கு வருவோம். 2023 நவம்பர் 2, மும்பை. இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்கு எல்லாரும் ஆட்டமிழந்தோம். உலகக் கிண்ணத்தில் ஒன்பது போட்டியில் இரண்டே வெற்றி. அடுத்த வருடம் ஓகஸ்டில் இந்தியா இங்கே வந்தது. நம் அணியில் நிஸ்ஸங்க, குசல் மெண்டிஸ், சமரவிக்ரம, அசலங்க என்று மும்பையில் சுருண்ட அதே ஆட்கள். தலைவர் மாறியிருந்தார், அசலங்க. பயிற்றுவிப்பாளரும் மாறியிருந்தார். யார்? 1999 இல் சிதைந்த அணியைப் பொறுப்பெடுத்த அதே சனத். 2–0 என்று தொடர் நமக்கு. 1997 க்குப் பிறகு இந்தியாவுக்கு எதிராக முதல் ஒருநாள் தொடர் வெற்றி.

ஆக, வரலாறு எனக்குச் சொல்வது இதுதான். "எல்லாரையும் வைத்திரு", "எல்லாரையும் அனுப்பு" என்று நம் குழுமத்தில் ஓடுகிற இரண்டு பேச்சுமே பிழை. தலைமையை மாற்ற வேண்டிய நேரத்தில் தயங்காமல் மாற்றுங்கள். பெரியவர்களை ஒவ்வொருவராக, மரியாதையோடு அனுப்புங்கள். புதியவனை எடுத்தால் தோற்றாலும் கொஞ்ச காலம் விடாதீர்கள்.

இது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாத வேலையும் இல்லை. தென்னந்தோட்டம் வைத்திருக்கிறவர்களிடம் கேளுங்கள். பழைய மரம் காய்ப்புக் குறைந்துவிட்டது என்று ஒரே நாளில் தோட்டத்தை வெட்டிச் சாய்க்கமாட்டார்கள். இடையில் கன்று நடுவார்கள். கன்று வளர வளரப் பழைய மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். கழிக்காமல் விட்டாலும் பிழை, நிழலில் கன்று தேறாது.

கடைசியாக இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், உங்களுக்கே விளங்கும்.

ஒருவர் நம் அணியின் மூத்த நானா. மட்டையும் பந்தும் உள்ள பை இன்றுவரை அவர் வீட்டில்தான் இருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் ஆடுகளத்துக்குத் தண்ணீர் தெளிப்பவரும் அவர்தான். போன கிழமை சந்தியில் கண்டபோது சொன்னார்: "நான் விலகத் தயார் சேர். ஆனால் ஒருத்தனும் முகத்துக்கு நேரே வந்து சொல்லவில்லை. குழுமத்தில் போட்டதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்."

மற்றவன் என்னிடம் உயர்தரம் படிக்கும் பிள்ளை. அந்தத் தோற்ற போட்டிதான் அவனுடைய முதல் போட்டி. ஒரு பிடியை விட்டான். அதன் பிறகு மைதானப் பக்கம் வரவேயில்லை. அவனுடைய அந்தப் பிடியை வைத்து யாரோ செய்த கேலிப் படம் இன்னும் குழுமத்தில் கிடக்கிறது. பழையவர்களை அனுப்பச் சொல்கிறவர்களும் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கழகக் கூட்டம். என்னுடைய யோசனை: தலைமையை இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குக் கொடுங்கள், இடையில் மாற்ற வேண்டாம். பெரியவர்களில் இன்னும் ஆடத் தகுதியுள்ள மூன்று பேரை வைத்துக்கொள்ளுங்கள். விலகுகிறவர்களை ஊர் முன்னிலையில் சால்வை போட்டு அனுப்புங்கள். புதிதாக எடுக்கும் பிள்ளைக்குக் குறைந்தது ஐந்து போட்டி கொடுங்கள்.

கூட்டத்துக்கு முதல் அந்தப் படத்தை யார் போட்டாரோ அவரே எடுத்துவிடுங்கள். நானாவின் வீட்டுக்கு நான் வருகிறேன், கழகத்திலிருந்து இரண்டு பேர் கூட வாருங்கள். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். யாருடைய பெயரையும் போட்டு ஏச வேண்டாம்.

வஸ்ஸலாம்.