ஹோமாலஜி: சொல்லும் உறவும்

ஹோமாலஜி, அனலாஜி என்ற இரு சொற்களும் கிரேக்கக் கணிதத்தில் வழங்கியவை. யூக்ளிடின் நூலில் 'அனலோகியா' என்பது விகிதசமம். வடிவொத்த முக்கோணங்களில் ஒன்றற்கொன்று நேரான பக்கங்கள் 'ஹோமொலோகோஸ்' எனப்பட்டன. விலங்கியலுக்குள் முதலில் நுழைந்தது அனலாஜியே. பறவைக்கு இறகு எப்படியோ மீனுக்குச் செதில் அப்படி என்று அரிஸ்டாட்டில் ஒப்பிட்டது இந்த விகித முறையில்தான்.

இன்று ஹோமாலஜி என்று சொல்லப்படும் ஒப்புமை பெயரில்லாமலே அறியப்பட்டிருந்தது. 1555இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் பெலோன் தம் பறவை நூலில் மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் அருகருகே வரைந்து, நேரான எலும்புகளுக்கு ஒரே எழுத்தைக் குறியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு விதி வகுத்தவர் பாரிஸின் ழொஃப்ருவா சான்-இலேர். ஓர் எலும்பின் உருவமும் வேலையும் எவ்வளவு மாறினாலும் அண்டை எலும்புகளோடு அதற்குள்ள இணைப்பு மாறாது. அந்த இணைப்பைக் கொண்டே அதை அடையாளம் காணவேண்டும் என்றார். ஆனால் அப்படி அடையாளம் கண்ட உறுப்புகளை அவர் 'அனலாக்' என்று அழைத்தார். இன்றைய வழக்குக்கு இது நேர்மாறு. அவர் நூல்களைப் படிப்போர் இதை மறந்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

குழப்பத்தைத் தீர்த்தவர் லண்டன் உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன். 1843இல் அச்சான தம் விரிவுரைகளின் சொல்லடைவில் இரண்டையும் பிரித்தார். வேறு விலங்கில் வேறு உருவில் இருந்தாலும் அதே உறுப்பாக இருப்பது ஹோமோலாக். வேலையில் ஒத்திருப்பது அனலாக். அது 'அதே' உறுப்பாக இருப்பது எதனால்? முதுகெலும்பிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு மூலப்படிவம் உண்டு என்பது ஓவனின் விடை. 1859இல் டார்வின் அந்தப் படிவத்தின் இடத்தில், உண்மையில் வாழ்ந்த ஒரு மூதாதையை வைத்தார். சொல் அப்படியே இருக்க, அது சுட்டும் உறவு குடிவழி உறவாயிற்று. பழைய கொள்கையின் வாடை சொல்லில் ஒட்டியிருப்பதாகக் கருதிய விலங்கியலாளர் ரே லங்காஸ்டர், 1870இல் குடிவழி ஒற்றுமைக்கு 'ஹோமோஜெனி' என்றும், தனித்தனியே தோன்றிய ஒற்றுமைக்கு 'ஹோமோபிளசி' என்றும் புதிய பெயர்கள் தந்தார். பின்னதே நிலைத்தது.

குடிவழியே அளவுகோல் என்றானபின், எந்த நிலையில் ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியமாகிறது. வௌவாலின் சிறகும் பறவையின் சிறகும் முன்னங்கால் என்ற அளவில் ஹோமாலஜி. இரண்டிலும் மேற்கையில் ஓர் எலும்பு, கீழ்க்கையில் இரண்டு. சிறகு என்ற அளவில் அவை அனலாஜி. வௌவால் நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த தோலாலும் பறவை இறகுகளாலும் பறக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான மூதாதை பறக்கவில்லை.

தமிழ்ப் பாடநூல்கள் இவற்றை அமைப்பு ஒத்த உறுப்புகள், செயல் ஒத்த உறுப்புகள் என்கின்றன. ஓவனின் வரையறைக்கு இவை பொருத்தமானவை. டார்வினுக்குப் பிந்தைய பொருளுக்கு முன்னது போதாது. சுறாவின் முதுகுத் துடுப்பும் டால்பினின் முதுகுத் துடுப்பும் வடிவில் ஒத்தவை. ஆனால் தனித்தனியே தோன்றியவை. மாறாக, பாலூட்டியின் நடுச்செவியிலுள்ள சுத்தி, பட்டடை எலும்புகளுக்கும் பல்லியின் தாடை மூட்டு எலும்புகளுக்கும் உருவத்திலோ வேலையிலோ ஒற்றுமை இல்லை. இவை ஒன்றே என்பதை 1837இல் உடற்கூறியலாளர் கார்ல் ரைகெர்ட் பன்றிக் கருக்களின் வளர்ச்சியைக் கொண்டு காட்டினார். பின்னாளில் கிடைத்த, பாலூட்டிகளின் தொடக்ககால உறவினமான மோர்கனுகோடானின் புதைபடிவங்களில் ஊர்வனவற்றுக்குரிய பழைய தாடை மூட்டும் பாலூட்டிக்குரிய புதிய மூட்டும் ஒரே தாடையில் அடுத்தடுத்து உள்ளன.