பம்ப்செட் கயிறு திருப்பி இழுக்கிறதா? பாயிண்ட்டைப் பாருங்கள்

பழைய பெட்ரோல்-மண்ணெண்ணெய் பம்ப்செட்டை வேகமாக இழுத்து ஸ்டார்ட் செய்தும் கயிறு வெடுக்கென்று திருப்பி இழுத்தால், பெரும்பாலும் பிளக்கில் பொறி முந்தி விழுகிறது. மணிக்கட்டு முறிந்துவிடும்; அப்படியே ஓட்டாதீர்கள். பலர் கார்புரேட்டரைக் கழற்றி ஒரு நாளைக் கெடுக்கிறார்கள். அதில் கோளாறு இல்லை.

முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மேக்னட் சக்கரத்தைக் கையால் சுற்றி, பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். பல சிறிய இன்ஜின்களுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி; இன்ஜின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். இடைவெளி கூடினால் பொறி முந்தும். குறைந்தால் பிந்தும், இன்ஜின் சூடேறி, இழுவை குறையும்.

இடைவெளி சரியாக இருந்தும் திருப்பி அடிக்கிறதா? சக்கரத்தைக் கழற்றி, தண்டில் உள்ள சிறு கீயைப் பாருங்கள். அது பாதி அறுந்து சக்கரம் சற்று நகர்ந்திருந்தாலும் டைமிங் மாறிவிடும்.